மஞ்சுளாவின் ‘ம்ம்’

திருப்பத்தூரிலிருந்து ஒரு பெரியவர். வாஷிங் மெஷினில் தண்ணீர் வெளியே போகாமல் அப்படியே நிற்கிறதாம். மதியச் சாப்பாட்டு நேரம். டிபன் பாக்ஸைத் திறந்து எலுமிச்சை சாதத்தில் இரண்டு வாய்தான் சாப்பிட்டிருப்பேன், அழைப்பு வந்துவிட்டது. சாதத்தை அவசரமாக விழுங்கிவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

“வணக்கம் ஐயா. தங்கள் புகார் என் பார்வைக்கு வந்திருக்கிறது. தங்களுக்கு நான் எவ்வாறு உதவலாம்?” என்றேன்.

அவர் கேட்டார்.

“யாரு?”

“வாடிக்கையாளர் சேவை மையத்திலிருந்து பேசுகிறேன் ஐயா.”

“அய்ய, மெஷினா? இத பாரும்மா, எனக்கு மெஷின்கிட்டல்லாம் பேசத் தெரியாது. இப்ப முன்னாடி ஒரு பொண்ணு பேசிச்சு பாரு, தன்மையா, அதுகிட்டயே குடு.”

தொண்டையில் கடுகு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. மெஷினுக்குத் தொண்டையில் கடுகு ஒட்டுமா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. “தயவுசெய்து இணைப்பில் காத்திருக்கவும்” என்று சொல்லி அவரை ஹோல்டில் போட்டேன்.

விஷயம் இதுதான். முதலில் அவரிடம் தன்மையாகப் பேசிய அந்தப் பொண்ணுதான் மெஷின். அதற்குப் புரியாத புகாரை அது என் மேஜைக்குத் தள்ளிவிடும். நான்தான் மனுஷி. அந்த மெஷின் பேசுவது மஞ்சுளாவின் குரலில்.

பெரியவர் லைனிலேயே இருக்கட்டும். அவருக்குப் புல்லாங்குழல் கேட்டுக்கொண்டிருக்கும். அதற்குள் மஞ்சுளாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

ரேச்சல் என்கிற கீதா

போன வாரம் கம்பெனி வேன் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, “அப்படி என்னதான் வேலை உங்களுக்கு?” என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். பேசுவதுதான் வேலை. பெங்களூரில் ஓசூர் ரோட்டில், பொம்மனஹள்ளி சிக்னலைத் தாண்டி, கண்ணாடி ஒட்டிய ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் உட்கார்ந்து, முகம் தெரியாதவர்களிடம் நாள் முழுக்கப் பேசுவது.

நான் சேர்ந்தபோது எல்லாம் இங்கிலீஷ். என் பெயர் ரேச்சல். அமெரிக்காவில் யாருக்கோ பிரிண்டர் வேலை செய்யவில்லை என்றால் ஜீவனஹள்ளி கீதா, ரேச்சலாக மாறி வருத்தம் தெரிவிப்பாள். மூக்கால் பேசச் சொல்லிக் கொடுக்க ஒரு அம்மாள் வருவார். வீட்டுக்கு வந்த பிறகும் கொஞ்ச நேரம் அந்த மூக்கு இறங்காது. காய்கறிக்காரர் என்னிடம் இங்கிலீஷில் விலை சொன்னதுகூட உண்டு.

பிறகு காலம் மாறியது. சின்ன ஊர்க்காரர்களும் செல்போனிலேயே ஃபிரிட்ஜும் மிக்சியும் வாங்க ஆரம்பித்தார்கள். வாங்கியது ரிப்பேர் ஆனால் அவரவர் பாஷையில்தானே சண்டை போட முடியும்? கம்பெனிகளுக்கு இது கொஞ்சம் லேட்டாகத்தான் புரிந்தது. புரிந்ததும் தமிழுக்கு ஒரு வரிசை, தெலுங்குக்கு ஒரு வரிசை என்று நாற்காலி போட்டார்கள். ரேச்சல் ஒழிந்து கீதாவாகத் திரும்பி வந்தேன்.

தமிழ் வரிசையில் நான்தான் ராணி. இதைச் சொல்ல எனக்கு வெட்கமே கிடையாது. எங்கள் தாத்தா மைசூர் சர்க்கார் உத்தியோகத்துக்காக இந்த ஊருக்கு வந்தவர். இங்கே இருந்து இருந்து பிள்ளைகளுக்குத் தமிழ் மறந்துவிடுமோ என்று அப்பாவுக்கு ஒரே கவலை. தினமும் காலையில் காபி ஆறுவதற்குள் தலைப்புச் செய்திகளை நான் உரக்க வாசித்தாக வேண்டும். ஒரு ‘ழ’ வழுக்கினால் காபி கிடையாது. அப்படி வளர்ந்த நாக்கு இது. “மேடம், நீங்க டிவியில நியூஸ் வாசிச்சீங்களா?” என்று யாராவது கேட்பார்கள் என்று எத்தனையோ வருஷம் காத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. ஆனாலும் அந்தத் தளத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை என்பது எனக்குத் தெரியும்.

ஆனேக்கல் பஸ்ஸில் வந்தவள்

மஞ்சுளா ஆனேக்கல்லில் இருந்து பஸ்ஸில் வருவாள். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவள். வீட்டில் தமிழ், எதிர்வீட்டில் கன்னடம், பக்கத்து வீட்டில் தெலுங்கு என்று வளர்ந்தவள். அவள் தமிழில் எல்லாமே கலந்திருக்கும். “ஸ்வல்ப இருங்கண்ணா, பாத்துடலாம்” என்பாள். வேலூர்க்காரருக்குக் கன்னட ‘ஸ்வல்ப’ எப்படிப் புரியும் என்று நான் தலையில் அடித்துக்கொள்வேன். அவருக்கு எப்படியோ புரிந்துவிடும்.

அப்போது நான் அவளுக்கு டீம் லீடர். டீமில் இருப்பவர்கள் பேசியதை ஒட்டுக்கேட்டு மார்க் போடுவது என் வேலை. மஞ்சுளாவுக்கு நான் மறக்காமல் மார்க் குறைப்பது ஒரு விஷயத்துக்கு. எந்தக் கேள்வி கேட்டாலும் பதில் சொல்வதற்கு முன்னால் “ம்ம்...” என்று இழுப்பாள். கூடவே ஒரு மூச்சு.

“அது என்னடி, மாடு அசை போடற மாதிரி?” என்று கேட்டிருக்கிறேன்.

“யோசிக்கறேன்க்கா.”

“இதுல யோசிக்கறதுக்கு என்ன இருக்கு? பதில்தான் எதிர்ல ஸ்கிரீன்ல இருக்கே.”

“ஸ்கிரீன்ல இருக்கு. ஆனா அவங்க கேக்கறாங்கல்ல, உடனே சொன்னா அவங்க பேசினத நாம கேட்டாப்பலயே இருக்காதுக்கா.”

எனக்கு வந்த கோபத்துக்கு இன்னொரு மார்க்கும் குறைத்தேன்.

மற்றபடி எங்களுக்குள் நல்ல சிநேகம். என் பாக்ஸில் இருக்கும் பொரியலை அவள் எடுத்துக்கொள்வாள், அவள் கொண்டுவரும் களியும் கீரையும் எனக்கு வரும். தீபாவளிக்கு முன்னால் இரண்டு பேரும் சேர்ந்து சிக்பேட்டையில் புடவை எடுப்போம். அவள் எடுக்கும் கலர் மட்டும் எப்போதும் என்னுடையதைவிட நன்றாக இருக்கும். அப்போதே கொஞ்சம் சுதாரித்திருக்க வேண்டும்.

பர்ஃபெக்ட் மேடம்

கம்பெனி ஒரு நாள் எல்லோரையும் கூட்டி, இனி முதல் அழைப்பை மெஷின் எடுக்கும் என்று சொன்னது. தமிழ் பேசும் மெஷின். அதற்கு ஒரு குரல் வேண்டும். உங்களில் ஒருவருடைய குரலையே எடுத்துக்கொள்ளப் போகிறோம் என்றார்கள். யாருடைய வேலையும் போகாது என்றும் சொன்னார்கள். அதை யாரும் கவனிக்கவில்லை. எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

நான் பார்லருக்குப் போனேன். குரல் எடுக்கிறவர்களுக்கு முகம் எதற்கு என்று வீட்டுக்காரர் கேட்டார். அதெல்லாம் அவருக்குப் புரியாது. ஒரு வாரம் ஐஸ் வாட்டர் குடிக்கவில்லை. மிளகுப்பால், பனங்கற்கண்டு, கழுத்தில் மஃப்ளர்.

கோரமங்களாவில் ஒரு சின்ன ஸ்டூடியோ. சுவரெல்லாம் பஞ்சு. வரிசையில் இருந்த எல்லோரும் வாசித்தோம். நான் வாசித்து முடித்ததும் உள்ளேயே கொஞ்ச நேரம் நின்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து யாராவது கைதட்டுவார்கள் என்று நினைத்தேன். மஞ்சுளா போனாள், ஏதோ பேசினாள், நடுவில் தும்மினாள், சிரித்தாள், வெளியே வந்தாள்.

அவளை எடுத்தார்கள்.

குரலைத் தேர்ந்தெடுக்கும் வேலையைப் பார்த்த பையன் கோயம்புத்தூர்க்காரன், மரியாதை தெரிந்தவன். காரிடாரில் அவனை மடக்கிக் கேட்டேன்.

“தம்பி, நான் எங்க தப்பு பண்ணேன்?”

“தப்பே இல்லைங்க மேடம். அதுதானுங்க பிராப்ளம். உங்க வாய்ஸ் ரொம்ப பர்ஃபெக்ட்டுங்க. கேக்கறவங்க மெஷின்னு நெனச்சுக்குவாங்க.”

“அவ?”

“அவங்க அந்த ‘ம்ம்’னு ஒண்ணு சொல்றாங்கல்லங்க? அது ஒண்ணே போதுமுங்க மேடம்.”

எந்த ‘ம்ம்’முக்கு நான் வருஷக்கணக்காக மார்க் குறைத்தேனோ, அந்த ‘ம்ம்’. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் வேனில் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தேன். வயிறு எரிந்தது என்று எழுதுவார்கள் இல்லையா? அது சும்மா சொல்வதில்லை. நிஜமாகவே தொப்புளுக்கு மேலே ஒரு இடத்தில் சுட்டது.

மறுநாள் அவள் மைசூர் பாகு கொண்டுவந்தாள். டேபிள் டேபிளாகப் போய்க் கொடுத்தாள். எல்லோரும் “குடுத்து வச்சவ” என்றார்கள். என் முறை வந்தபோது, “எனக்கு சுகர், வேணாம்” என்றேன். எனக்கு சுகர் கிடையாது. அவளுக்கும் அது தெரியும். ஒரு துண்டை டிஷ்யூவில் சுற்றி என் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். நெய் டிஷ்யூ முழுக்க ஊறி வாசனை சாயங்காலம் வரை வந்துகொண்டே இருந்தது. தொடவில்லை. எறும்பு தின்றது.

ஊரெல்லாம் அவள்

அந்தக் குரலை எங்கள் கம்பெனியோடு நிறுத்திக்கொள்ளவில்லை. குரலைச் செய்தவர்கள் அதை யார் யாருக்கோ விற்றுவிட்டார்கள். அதற்கெல்லாம் சம்மதம் என்று மஞ்சுளா முதலிலேயே கையெழுத்துப் போட்டிருக்கிறாள். அந்தச் சந்தோஷத்தில் யார் படித்துப் பார்ப்பார்கள்?

காலையில் பால் வந்துவிட்டது என்று போன் வரும், அவள். மருந்துக்கடையில் ஆர்டர் தயார் என்று போன் வரும், அவள். நாத்தனார் வீட்டு லிஃப்டில் ஏறினால், “ம்ம்... நாலாவது மாடி” என்பாள். எந்த மாடி என்று சொல்ல லிஃப்டுக்கு என்ன யோசனை வேண்டியிருக்கிறது?

எல்லாவற்றையும்விட மோசம் என் வீட்டுக்காரர். பணம் கட்டச் சொல்லி வரும் போனை அவர் எடுக்கவே மாட்டார். இப்போது எடுக்கிறார். எடுத்து, “சரிம்மா, கட்டிடறேம்மா” என்கிறார்.

“அது மெஷின்” என்றேன்.

“தெரியும்டீ. ஆனா எவ்ளோ பதமா கேக்குது பாரு. நீ இதுமாதிரி என்கிட்ட எப்பவாவது கேட்டிருக்கியா?”

அன்று ராத்திரி ரசம் மட்டும்தான் வைத்தேன்.

மிச்சம் நான்

யாருடைய வேலையும் போகாது என்று சொன்னார்களே, போனது. தமிழ் வரிசையில் பாதிக்கு மேல் நாற்காலி காலியானது. மஞ்சுளாவின் நாற்காலியும். அவள் குரல்தான் உள்ளே இருக்கிறதே, ஆள் எதற்கு?

என்னை வைத்துக்கொண்டார்கள். மெஷின் கைவிட்ட அழைப்புகளை எடுக்க ஒரு சின்ன டீம், அதில் நான். வாடிக்கையாளர் மறுபடியும் மெஷினிடமே போகிறேன் என்றால் அது எங்கள் கணக்கில் தோல்வி. இந்த டீமும் வேண்டுமா என்று வருஷக் கடைசியில் பார்க்கப் போவதாக மேனேஜர் சொல்லியிருக்கிறார். அதனால் ஒவ்வொரு அழைப்பிலும் நான் அவளோடுதான் போட்டி போட்டுக்கொண்டிருக்கிறேன்.

மஞ்சுளா பையை எடுத்துக்கொண்டு லிஃப்டுக்குப் போனபோது எனக்குக் கண் கலங்கியது. அதே சமயம் ஒரு சின்ன நிம்மதியும் இருந்தது. இரண்டும் நிஜம்.

“நான் மனுஷிக்கா”

சோதனைக்காக எங்கள் சொந்த நம்பர்களை மெஷினுக்குக் கொடுத்திருந்தார்கள். நேரம் கெட்ட நேரத்தில் அது கூப்பிட்டு, “வணக்கம்... ம்ம்... உங்களுக்குத் திருப்தியா?” என்று கேட்கும். அந்தக் குரலைக் கேட்டதும் கட் செய்வது எனக்குப் பழகிப்போயிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தெரியாத நம்பரிலிருந்து போன். “ம்ம்... வணக்கம்க்கா” என்றது. கட் செய்தேன். மறுபடியும் வந்தது. மறுபடியும் கட். மூன்றாவது தடவை எடுத்ததுமே அவசரமாகச் சொன்னது.

“கட் பண்ணாதீங்கக்கா, நான் மனுஷிக்கா. மஞ்சுளா. நம்பர் மாத்திட்டேன்.”

சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டாள். இளைத்திருந்தாள். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கேட்காமலேயே பக்கத்தில் உட்கார்ந்து அவளும் ஒரு கட்டைப் பிரித்தாள்.

“எங்கயும் வேலை கெடைக்கலக்கா. எனக்குத் தெரிஞ்சது பேசறது ஒண்ணுதான். ஒரு கண் ஆஸ்பத்திரில அப்பாயின்ட்மென்ட் குடுக்கற சீட். நல்ல எடம். ஒரு நாள் பேசிப் பாருன்னு உட்கார வச்சாங்க. நான் வாயத் தொறந்ததும் அவங்க நம்பர அமுக்கறாங்கக்கா.”

“எந்த நம்பர?”

“ஒண்ணு, ரெண்டு, ஒம்போதுன்னு. பீப் பீப்னு காதுல கேக்குது. நான் பேசறேன், அவங்க அமுக்கிட்டே இருக்காங்க. ஒருத்தர் ‘மனுசங்கள கூப்புடு, மனுசங்கள கூப்புடு’ன்னு கத்தறாரு. நான்தாண்ணா மனுசின்னா, ‘அதையும் சொல்லிக் குடுத்துட்டாங்களா’ங்கறாரு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது. சிரித்து முடித்ததும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“நீங்கதான் குடுத்து வச்சவங்கக்கா. உங்க வாய்ஸ யாரும் எடுத்துக்கல. உங்ககிட்டயே இருக்கு.”

அவள் அதைச் சூது வாதில்லாமல் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது. என்னைப் பார்த்து அவள் பொறாமைப்படுகிறாள் என்று புரிந்ததும் கொஞ்சம் இனித்தது. ஆறின மைசூர் பாகு மாதிரி.

“உங்களாட்டமே பேசக் கத்துக் குடுங்கக்கா. தமிழ் நியூஸ் மாதிரி. அப்படிப் பேசினா இது மெஷின் வாய்ஸுன்னு யாரும் கண்டுபுடிக்க மாட்டாங்க. அந்த ஆஸ்பத்திரில மறுபடியும் வரச் சொல்லியிருக்காங்க.”

கற்றுக் கொடுத்தேன். ‘ம்ம்’மை விழுங்கச் சொன்னேன். மூச்சை வாக்கியத்தின் கடைசியில் விடச் சொன்னேன். ‘ஸ்வல்ப’வுக்குப் பதில் ‘சற்று’. பேப்பரைக் கொடுத்து உரக்க வாசிக்கச் சொன்னேன். வழுக்கினால் காபி கிடையாது. ஞாயிறு ஞாயிறாக வந்தாள். மாசம் முடிவதற்குள், அடுப்படியில் இருந்து கேட்டால் நானே கூடத்தில் உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி இருந்தது. நான் அப்பாவிடம் எத்தனை காபி இழந்து கற்றதை இவள் எத்தனை சுலபமாக வாங்கிக்கொண்டாள் பாருங்கள்.

வேலை கிடைத்துவிட்டது. போன் செய்தாள்.

“ஆய்த்துக்கா, சேந்துட்டேன். இங்க பெரிய டாக்டர் என்ன கேட்டாரு தெரியுமா? ‘ஏம்மா, நீ டிவியில நியூஸ் வாசிச்சியா’ன்னாரு.”

“அப்படியா? சந்தோஷம்” என்று சொல்லி போனை வைத்தேன். அன்றைக்கும் ரசம்தான்.

பெரியவர் லைனில் இருக்கிறார்

இப்போது திருப்பத்தூருக்குத் திரும்பலாம். பாவம், புல்லாங்குழல் கேட்டுக் கேட்டு அலுத்திருப்பார்.

அவரை மெஷினிடம் திருப்பி அனுப்பினால் என் கணக்கில் ஒரு தோல்வி. அந்த மாசம் ஏற்கனவே நிறைய இருந்தது. எலுமிச்சை சாதம் அப்படியே இருந்தது. பக்கத்து நாற்காலியில் ஆள் இல்லை. சுற்றிலும் ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். ஒரு வாய் தண்ணீர் குடித்தேன். ஹோல்டை எடுத்தேன்.

“ம்ம்...” என்றேன். கூடவே ஒரு மூச்சு. “சொல்லுங்கண்ணா. தண்ணி போகலியா? ஸ்வல்ப இருங்க, பாத்துடலாம்.”

“ஆங், வந்துட்டியாம்மா” என்றார். குரலே மலர்ந்துவிட்டது. “நடுவுல எவளோ வந்தா. உசுரே இல்ல அதுக்கு.”

அதையும் கேட்டுக்கொண்டேன். “ம்ம்” என்றேன்.

பிறகு அவர் எல்லாவற்றையும் சொன்னார். தண்ணீர் நிற்பது, வீட்டம்மாவுக்குக் கை வலி, ஈரத் துணியைப் பிழிய முடியாமல் அவரே மாடிக்கு எடுத்துப் போவது. அதையெல்லாம் அவர் என் ‘தங்கள்’களிடம் சொல்லியிருக்கவே மாட்டார். பின்பக்கக் குழாயைத் தரையோடு தாழ்த்தி வைக்கச் சொன்னேன். நகர்த்துகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் கொட்டுகிற சத்தம். அவர் வீட்டம்மாள் யாரிடமோ “போச்சு, போச்சு” என்று சந்தோஷமாகச் சொல்வதும் கேட்டது.

“நல்லா இரும்மா. உன் பேரு இன்னா? கம்பெனிக்குச் சொல்றேன், நல்லா பேசற பொண்ணுன்னு.”

இத்தனை வருஷத்தில் என் பெயரை யாரும் இப்படிக் கேட்டதில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தேன். குரல் அவளுடையதாக இருக்கட்டும், குழாயைத் தாழ்த்தச் சொன்னது நான். பெயரையும் அவளுக்கு விட்டுக்கொடுக்க நான் என்ன புத்தரா?

“என் பெயர் கீதா, ஐயா” என்றேன். கணீரென்று, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகத் தெரிய, அப்பா கேட்டால் காபி கொடுத்துவிடுகிற மாதிரி.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

“போச்சு போ” என்று பெரியவர் வீட்டம்மாவிடம் சொல்வது கேட்டது. “மறுபடியும் மெஷின் வந்துடுச்சு.”